இரவு வானத்தின் முதல் படம்: செல்போனா, கேமராவா, டிராக்கரா, ஸ்மார்ட் டெலஸ்கோப்பா?

பால்வீதிப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு "நானும் எடுக்கணும், எதை வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் எனக்குத் தெரிந்த வட்டத்தில் நிறையப் பேர். கேள்வி ஒன்றுதான். ஆசைதான் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு நிலவின் பள்ளங்கள் வேண்டும். இன்னொருவருக்கு மலைக்குப் பின்னால் பால்வீதி எழுவது வேண்டும். மூன்றாமவருக்குச் சனியின் வளையம். மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் குறைந்தது ஒருவராவது ஏமாந்துபோவார்.

நானும் முதலில் பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகுதான் வானத்தைப் பார்த்தேன். அதில் போனது பணம் மட்டுமில்லை. மேகமில்லாத, நிலவில்லாத இரவுகள் மாதத்தில் விரல்விட்டு எண்ணும்படிதான் கிடைக்கும். அவற்றில் பலவற்றை வீணாக்கினேன். அந்த இரவுகள் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

எடுக்கப்போவது வானத்தில் எவ்வளவு பெரியது? மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்தக் கேள்விதான், ஆனால் பெரும்பாலும் யாரும் இதைக் கேட்டுக்கொள்வதில்லை. கையை நேராக நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் அதன் அகலம் வானத்தில் ஏறக்குறைய ஒரு டிகிரி. முழுநிலவு அதில் பாதிதான். ஓரியன் நெபுலா (ஓரியன் நட்சத்திரக் கூட்டத்தில் உள்ள வாயுமேகம்) ஒரு டிகிரிக்குச் சற்றுக் கூடுதல். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் நீளம் மூன்று டிகிரி, அதாவது ஆறு நிலவுகளை வரிசையாக வைத்தது போல. அது மங்கலாக இருப்பதால்தான் அவ்வளவு நீளமும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, சிறியதாக இருப்பதால் அல்ல. வியாழனோ நமக்கு மிக அருகே வரும்போதும் நிலவின் குறுக்களவில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். பால்வீதி வானத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை போகிறது. இவை எல்லாவற்றையும் நன்றாக எடுக்கும் ஒற்றைக் கருவி கிடையாது.

நட்சத்திரம் கோடாக மாறுவதற்குள் எவ்வளவு நேரம் கிடைக்கும்? பூமி சுற்றுவதால் வானம் இரண்டு நிமிடத்துக்கு ஒரு நிலவு அகலம் நகர்கிறது. ஷட்டரைத் திறந்து வைத்தால் புள்ளி கோடாகிவிடும். இதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: 500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் (குவியத் தூரத்தால்) வகுத்தால் வருவது வினாடி. ஏ.பி.எஸ்.-சி என்ற, ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் என்றால் அந்த மி.மீ.யை முதலில் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். இன்றைய சென்சார்களின் நுண்மைக்கு 500 தாராளமான எண். நான் 300-ஐத்தான் வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வானம் எவ்வளவு இருட்டு? அமெரிக்க வானியல் ஆர்வலர் ஜான் போர்ட்டில் 2001-இல் கொடுத்த 1 (மிக இருட்டு) முதல் 9 வரையிலான அளவுகோலில், நகரத்தின் நடுப்பகுதி 8 அல்லது 9. அங்கே பால்வீதிக்கு ஆசைப்பட வேண்டாம். நிலவும் கோள்களும் பிரகாசமானவை, அவற்றுக்குத் தெருவிளக்கு ஒரு தடையே இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். வெளியே எடுத்துப்போய் அமைக்க எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் கணினி முன்னால் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும்? ஆசை விட்டுப்போனால் அந்தப் பொருள் வேறு எதற்காவது உதவுமா?

| | எதற்கு நல்லது | அமைக்கும் நேரம் | பின்வேலை | நகர வானத்தில் | ஆசை விட்டுப்போனால் |
|---|---|---|---|---|---|
| செல்போன் + டிரைபாட் | நட்சத்திரக் கூட்டங்கள், கோள்கள் நிலவோடு சேரும் காட்சி | 2 நிமிடம் | மிகக் குறைவு | ஓரளவு | இழப்பே இல்லை |
| கேமரா + லென்ஸ் + டிரைபாட் | பால்வீதி, நட்சத்திரக் கூட்டங்கள், பெரிய நெபுலாக்கள் | 10 நிமிடம் | நிறைய | ஓரளவு | பகலிலும் படமெடுக்கலாம் |
| டிராக்கர் (வானத்தோடு கேமராவைத் திருப்பும் மோட்டார்) + கேமரா | ஆண்ட்ரோமெடா, ஓரியன் நெபுலா, விரிவான பால்வீதி | 20 முதல் 40 நிமிடம் | நிறைய | பலன் குறைவு | வேறு வேலைக்கு ஆகாது |
| ஸ்மார்ட் டெலஸ்கோப் (தானே தேடிப் படமெடுப்பது) | சிறிய நெபுலா, கேலக்ஸி, நிலவு | 5 நிமிடம் | குறைவு | நன்றாக | வேறு வேலைக்கு ஆகாது |
| டெலஸ்கோப் + செல்போன் | நிலவு, கோள்கள் | 15 நிமிடம் | நடுத்தரம் | மிக நன்றாக | கண்ணால் பார்த்து மகிழலாம் |

நேரமெல்லாம் என் கை அனுபவத்தில் சொல்வது. முதல் சில இரவுகளுக்கு இரண்டு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

## செல்போனும் ஒரு டிரைபாடும்

பலர் இதைத் தாண்டிப் போகவே பார்க்கிறார்கள், அது தவறு. இப்போது வரும் செல்போன்கள் பலவற்றில் நைட் மோடோ புரோ மோடோ இருக்கிறது. கூகுள் 2019-இல் பிக்சல் 4-இல் கொண்டுவந்த வான்படமெடுக்கும் வசதி, 16 வினாடி வரையிலான துண்டுகளாகப் பல படங்களை எடுத்து, நட்சத்திரங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தி, நான்கு நிமிட ஒளியை ஒரே படமாகத் தருகிறது. பெரிய கேமராக்காரர்கள் கணினியில் மணிக்கணக்கில் செய்யும் வேலையின் சுருக்கம்தான் அது.

புரோ மோட் என்றால் ஃபோகஸை முடிவிலிக்குத் தள்ளி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 1600, ஷட்டர் 10 முதல் 15 வினாடி, டைமர் மூன்று வினாடி என்று தொடங்கலாம். டைமர் எதற்கென்றால், விரல் பட்ட அதிர்வு அடங்கிய பிறகு ஷட்டர் திறக்க வேண்டும். செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு "என் போன் சரியில்லை" என்று முடிவு செய்துவிடாதீர்கள். டிரைபாட் இருக்கிறது என்று உணர்ந்தால்தான் பல போன்கள் நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கவே சம்மதிக்கும்.

இதன் எல்லை லென்ஸின் வாயில் இருக்கிறது. செல்போன் லென்ஸின் திறப்பு சுமார் 4 மி.மீ. தான். இருட்டில் நன்றாக விரிந்த கண்மணி கிட்டத்தட்ட 7 மி.மீ. அப்படியானால் ஒரே கணத்தில் உங்கள் கண்ணுக்குள் போகும் ஒளிகூடப் போனுக்குள் போவதில்லை. போன் காத்திருந்து ஒளியைச் சேர்த்துக்கொள்கிறது, அதுதான் அதன் பலம். ஜூம் செய்தால் விவரம் கூடாது, மங்கல்தான் பெரிதாகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சில போன்கள் நிலவை அடையாளம் கண்டதும் மென்பொருளால் அதை மெருகேற்றிவிடும். நீங்கள் எடுத்தது எது, மென்பொருள் சேர்த்தது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மறைந்திருக்கும் செலவு சிறியது: ஆடாத ஒரு போன் பிடிப்பான், ஒரு பவர் பேங்க். இந்த ஆசை நிலைக்குமா என்று உங்களுக்கே தெரியாதபோதும், வீட்டு மாடியை விட்டு வெளியே போக முடியாதபோதும் இதைவிட நல்ல தேர்வு இல்லை. அந்தி வானத்தில் பிறைநிலவும் வெள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மாலைகளில், கேமராவைத் தேடிப் போவதற்குள் காட்சி இறங்கிவிடும். சட்டைப்பையில் இருக்கும் போன்தான் அப்போது கைகொடுக்கும்.

## கேமரா, லென்ஸ், டிரைபாட்

என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான், அதனால் இதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

கேமரா என்றதும் எல்லோரும் கேமரா உடலைப் பற்றியே கேட்கிறார்கள். கேட்க வேண்டியது லென்ஸைப் பற்றி. ஒரு நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு ஒளி உள்ளே வரும் என்பதை லென்ஸின் திறப்பு அகலம் தீர்மானிக்கிறது. மி.மீ. அளவை, லென்ஸில் எழுதியிருக்கும் எஃப் எண்ணால் வகுத்தால் அந்த அகலம் கிடைக்கும். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 18 மி.மீ., எஃப்/3.5-இல் வைத்தால் திறப்பு 5 மி.மீ. தான், கிட்டத்தட்ட செல்போன் அளவு! 50 மி.மீ. எஃப்/1.8 என்ற எளிய லென்ஸில் அது 28 மி.மீ. முழுவதும் திறந்தால் ஓரத்து நட்சத்திரங்கள் இறக்கை விரித்த பறவை போல ஆகிவிடும் என்பதால் எஃப்/2.8-க்குக் குறைத்தாலும் 18 மி.மீ. மிஞ்சும். பரப்பில் அது கிட் லென்ஸைப் போலப் பன்னிரண்டு மடங்கு.

இதற்கு ஒரு விலை உண்டு. ஏ.பி.எஸ்.-சி கேமராவில் 18 மி.மீ. லென்ஸுக்கு 11 வினாடி கிடைக்கும், 50 மி.மீ. லென்ஸுக்கு நான்கே வினாடி. இருந்தும் ஒவ்வொரு படத்திலும் ஒரு நட்சத்திரத்திலிருந்து வரும் ஒளி நான்கு மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆகவே பத்து வருடப் பழைய கேமராவும் ஒரு 50 மி.மீ. லென்ஸும், கிட் லென்ஸ் மாட்டிய புத்தம்புதுக் கேமராவை நட்சத்திரக் கூட்டங்களில் ஜெயித்துவிடும். நிலக்காட்சியோடு பால்வீதி வேண்டும் என்றால் மட்டும் அகல லென்ஸ் தேவை. அதிலும் எஃப்/2.8-க்குக் கீழே திறப்பது கிடைத்தால் நல்லது.

அப்புறம் ஃபோகஸ். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் அலைந்துகொண்டே இருக்கும். லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் முதல் இருண்ட வானத்தில், அந்தக் குறியில் வைத்து, நள்ளிரவு வரை 120 படங்கள் எடுத்தேன். சின்னத் திரையில் எல்லாமே அழகாகத் தெரிந்தன. வீட்டுக்கு வந்து பெரிதாக்கினால் ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு வட்டத் தட்டு. அடுத்த அமாவாசை வரை காத்திருந்த அந்த மாதம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று இன்றும் நினைவிருக்கிறது. செய்ய வேண்டியது இதுதான்: பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறியதாகும் வரை வளையத்தைத் திருப்பி, அங்கேயே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி சரிபாருங்கள். குளிரில் ஃபோகஸ் நகரும்.

இனி, கடையில் யாரும் சொல்லாத செலவு: பின்வேலை. நான்கு வினாடிப் படம் ஒன்றை மட்டும் பார்த்தால் பொரிப்பொரியாகத்தான் இருக்கும். இருநூறு படங்களை மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அந்த இரைச்சல் 200-இன் வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 14 மடங்கு அடங்கும். இதைச் செய்ய சிரில், டீப்ஸ்கைஸ்டாக்கர், சீக்குவேட்டர் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் 24 மெகாபிக்சல் ரா படம் (கேமரா பதிவுசெய்த மூலப் படம்) ஒன்றை மென்பொருள் பிரித்து 32 பிட் துல்லியத்தில் எழுதினால் ஒரு படம் சுமார் 290 எம்.பி. ஆகிறது. இருநூறு படத்துக்கு 50 ஜி.பி.யைத் தாண்டும். கணினியில் இடம் இருக்கிறதா என்று கேமரா வாங்கும் முன்பே பாருங்கள். கூடவே இரண்டாவது பேட்டரி, பனி ஈரம் படியாமல் லென்ஸுக்கு ஒரு சூடேற்றும் பட்டை, காற்றுக்கு ஆடாத டிரைபாட் ஆகியவையும் சேரும். நல்ல டிரைபாடை ஒரு முறை வாங்கினால் போதும். ஆடும் டிரைபாட் வாங்கினால் மறுபடி வாங்க வேண்டிவரும்.

படத்தைத் தானே உருவாக்க வேண்டும், ஒவ்வொரு படியும் புரிய வேண்டும் என்று நினைப்பவருக்கு இதுதான் பாதை. பகலில் குழந்தைகளையும் பயணங்களையும் எடுக்க அதே கேமரா உதவும் என்பதையும் கணக்கில் சேர்க்கலாம். மாறாக, கணினியில் உட்கார்வது சுமையாகத் தோன்றினால், எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் ரா ஃபைல்கள் ஹார்டு டிஸ்கில் தூங்கும்.

## டிராக்கர்

கேமராவுக்கும் டிரைபாடுக்கும் நடுவில் மாட்டும் சின்ன மோட்டார் பெட்டி இது. 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று என்ற வேகத்தில் வானத்தோடு கேமராவைத் திருப்பும். 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்க வானியலாளர் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்தபோது, ஏறக்குறைய 50 நிமிடம் தன் டெலஸ்கோப் வானத்தைத் தொடர்ந்தபடி இருக்க வேண்டியிருந்தது. அதே வேலையைத்தான் இந்தப் பெட்டி செய்கிறது.

கேமராவோடு சேர்த்தே இதையும் வாங்கிவிடலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம் என்பேன். அகல லென்ஸிலும் 50 மி.மீ.யிலும் நிறையப் படங்களை அடுக்கியே பாதித் தூரம் போய்விடலாம். நகர வானத்தில் ஒரு நிமிடம் ஷட்டரைத் திறந்தால் வானத்தின் வெளிச்சமே படத்தை நிரப்பிவிடும், டிராக்கரின் பலன் அங்கே சுருங்கிவிடும். 135 மி.மீ. போன்ற நீள லென்ஸுக்குப் போகும்போதுதான் கதை மாறுகிறது. டிராக்கர் இல்லாமல் அதில் ஒன்றரை வினாடிதான் கிடைக்கும். ஒரு மணி நேர ஒளியைச் சேர்க்க 2,400 படங்கள். அதற்குள் இலக்கு படச் சட்டத்தை விட்டே நகர்ந்துவிடும், சில நிமிடங்களுக்கு ஒரு முறை கேமராவைத் திருப்ப வேண்டும். டிராக்கர் இருந்தால் நிமிடத்துக்கு ஒன்றாக 60 படங்களில் முடிந்துவிடும்.

இதன் மறைந்த விலை பொறுமை. டிராக்கரின் அச்சு வானத்தின் துருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும். துருவ நட்சத்திரம்கூட உண்மையான துருவத்திலிருந்து முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாக விலகித்தான் இருக்கிறது, அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டி, மரத்துக்கோ கட்டடத்துக்கோ பின்னால் இருக்கும். தெற்கு அரைக்கோளத்தில் இருப்பவர்களுக்கோ பிரகாசமான துருவ நட்சத்திரமே இல்லை. அங்கே சிக்மா ஆக்டான்டிஸ் என்ற, வெறும் கண்ணுக்கு மிக மங்கலான ஒன்றைத் தேட வேண்டும். எடைக் கணக்கும் முக்கியம்: பெட்டியில் போட்டிருக்கும் உச்ச எடையை முழுவதும் ஏற்றாதீர்கள், பாதி அளவோடு நிறுத்துவது நல்லது.

டிராக்கர் இல்லாமல் ஓரியனை நன்றாக அடுக்கி முடித்தவருக்கு, இருண்ட வானத்துக்கு அடிக்கடி போய்வர முடிந்தால், இது வாங்க வேண்டிய பொருள்.

## ஸ்மார்ட் டெலஸ்கோப்

கேமரா, லென்ஸ், மோட்டார், மென்பொருள் எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும். இலக்கின் பெயரைப் போனில் தொட்டால் தானே தேடிப்போய், தானே ஃபோகஸ் செய்து, படங்களை எடுத்து அடுக்கிக்கொண்டே போகும். 2023-இல் வந்த சீஸ்டார் எஸ்50 நல்ல உதாரணம்: 50 மி.மீ. திறப்பு, 250 மி.மீ. குவியத் தூரம், 10 வினாடித் துண்டுகள். நண்பர் ஒருவரின் மாடியில், தெருவிளக்கு வெளிச்சத்துக்கு நடுவிலேயே, சில நிமிடங்களில் ஓரியன் நெபுலா திரையில் மெல்ல மெல்ல மலர்ந்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் நின்ற அவருடைய அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. இதை "உண்மையான படமெடுத்தல் இல்லை" என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அந்த ஒளி அவர் மாடியில் விழுந்த ஒளிதான்.

வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் பார்வை அகலம். எஸ்50-இன் சட்டம் ஏறக்குறைய 1.3 டிகிரிக்கு 0.7 டிகிரி. நிலவு அழகாக அடங்கும். ஆண்ட்ரோமெடா அடங்காது, பல சட்டங்களாக எடுத்து ஒட்ட வேண்டும். பால்வீதி வளைவு, மலையோடு சேர்ந்த காட்சி இவையெல்லாம் இதில் நடக்கவே நடக்காது. கோள்கள் ஒரு சின்னப் பொட்டாகத்தான் தெரியும். மேலும் கீழுமாகவும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் அமைப்பில் வானம் சட்டத்துக்குள் மெல்லச் சுழலும். நீண்ட நேரம் எடுத்தால் ஓரங்களை வெட்ட வேண்டியிருக்கும்.

உள்ளே இருக்கும் சென்சாரை நாளைக்கு மாற்ற முடியாது. போனில் உள்ள செயலி இல்லாமல் பெட்டி இயங்காது, ஆகவே தயாரித்தவர் எவ்வளவு காலம் செயலியைப் பராமரிக்கிறாரோ அதுதான் இதன் ஆயுள். இந்த இரண்டையும் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நகரத்தில் வசிப்பவர், நேரம் குறைவாக உள்ளவர், வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று நினைப்பவர், முதுகுவலியால் சுமை தூக்க முடியாதவர் ஆகியோருக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன்.

## டெலஸ்கோப்பில் செல்போனைப் பொருத்துவது

நிலவும் கோள்களும் மட்டுமே ஆசை என்றால் மேலே சொன்ன எதுவும் இதற்கு ஈடாகாது. கண்வில்லையில் போனைப் பிடித்துவைக்கும் ஒரு பிடிப்பான் போதும், முதல் இரவிலேயே நிலவின் பள்ளங்கள் கிடைத்துவிடும். முழுநிலவன்று எடுக்காதீர்கள், நிழலே இருக்காது. அரைநிலவு நாளில் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள்.

கோள்களுக்குப் படம் அல்ல, வீடியோ எடுக்க வேண்டும். காற்றின் நெளிவில் ஆயிரம் சட்டங்கள் கெட்டுப்போனாலும் நூறு தெளிவாக வரும். ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருள் அவற்றைப் பொறுக்கி அடுக்கித் தரும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடுவதால் வீடியோ ஓரிரண்டு நிமிடத்துக்குள் இருப்பது நல்லது. நெபுலாக்களுக்கு இந்த வழி சரிவராது.

## இன்னும் முடிவு வரவில்லையா?

எதையும் வாங்காமல் ஒரு அமாவாசையை ஒட்டி நான்கு இரவுகளை ஒதுக்குங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை என்றால் மாலையில் ஓரியன், ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் விருச்சிகமும் தனுசும். இருக்கும் போனையே டிரைபாடில் வைத்து எடுத்துப் பாருங்கள். மூன்றாம் இரவு உங்கள் மனம் எங்கே போகிறது என்று கவனியுங்கள். "இதை இன்னும் கிட்டத்தில் பார்க்கணும்" என்று நெபுலாவை நோக்கிப் போகிறதா? ஸ்மார்ட் டெலஸ்கோப் வைத்திருப்பவரைத் தேடி ஒரு மாலை கூட இருங்கள். "இதே காட்சியை இன்னும் தெளிவாக எடுக்கணும்" என்று தோன்றுகிறதா? யாரிடமாவது பழைய கேமராவையும் 50 மி.மீ. லென்ஸையும் ஒரு வாரம் கடன் கேளுங்கள். கேட்கும்போது இரண்டாவது பேட்டரியையும் சேர்த்துக் கேளுங்கள், குளிர் இரவில் முதல் பேட்டரி நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.